குளோபல் 7500 கொழும்பில இருந்து ரொறொன்ரோவுக்கு நிக்காமப் போகுமோ? முள்ளியவளைத் தங்கச்சிக்குப் பதில்

முள்ளியவளையில இருந்து ஏ.எல் மற்ஸ் படிக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. அவவின்ர மாமா ரொறொன்ரோவில பொம்பார்டியர் கொம்பனியில குளோபல் 7500 எண்ட பிசினஸ் ஜெட் பொருத்திற இடத்தில வேலையாம், போன் எடுத்தா உந்தப் பிளேன் கதைதானாம், கொழும்பில ஏறினா ரொறொன்ரோவிலதான் இறங்கும், இடையில எங்கயும் நிக்காது எண்டு சொல்லுறாராம். அண்ணன்காரன் அதுக்கு, உதில என்ன இருக்கு, பெரிய தாங்கி வச்சு எண்ணெயை நிரப்பினா எந்தப் பிளேனும் போகும் எண்டு சொல்லுறானாம். ஆற்ற கதை சரி எண்டு கேக்கிறா. அதோட 2010இல அறிவிச்ச பிளேன் 2018 மட்டும் ஏன் இழுபட்டது எண்டும் கேக்கிறா. கடைசியா, "உது பணக்காரர் ஏறுற சாமான், எங்களுக்கு என்னத்துக்கு" எண்டு அம்மா சொல்லுறாவாம், அம்மாவுக்கு இண்டைக்கும் பிளேன் சத்தம் கேட்டா நெஞ்சு படபடக்குமாம், ஆனா எனக்கு உந்தத் துறையிலதான் விருப்பம், படிக்கலாமோ அண்ணா எண்டு முடிச்சிருக்கிறா.

தங்கச்சி, நானும் வன்னிதான், விசுவமடுப் பக்கம். இப்ப வளைகுடாவில ஒரு ஹாங்கரில, அதாவது பிளேனை நிப்பாட்டித் திருத்திற கொட்டகையில, லைசென்ஸ் எஞ்சினியரா நிக்கிறன், எங்களிட்ட வாறதில கனக்க உந்த நெடுந்தூர பிசினஸ் ஜெட்டுகள்தான். அதால உங்கட கேள்வி எனக்கு நல்ல விருப்பமான கேள்வி, கொஞ்சம் விரிவாவே எழுதுறன்.

முதல்ல மாமாவின்ர கதை. கட்டுநாயக்காவில இருந்து ரொறொன்ரோவுக்கு உலக உருண்டையில நேர கோடு போட்டுக் கணக்குப் பார்த்தா கிட்டத்தட்ட 7,550 கடல் மைல் வரும், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர், அப்ப ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். குளோபல் 7500க்கு கொம்பனி எழுதி வச்சிருக்கிற ரேஞ்ச், அதாவது ஒருக்கா எண்ணெய் நிரப்பினா நிக்காமப் போகக்கூடிய தூரம், 7,700 கடல் மைல். அப்ப பேப்பரில மாமா சொல்லுறது சரி, நூத்தம்பது மைல் மிச்சமும் இருக்கு. அதுக்கு முந்தி வந்த, கல்ஃப்ஸ்ட்ரீம் எண்ட போட்டிக் கொம்பனியின்ர ஜி650 எண்டா 7,000தான், அது கனடாவுக்குள்ள போனாலும் ரொறொன்ரோவுக்குக் கிட்டவும் போகாது. 2014இல வந்த ஜி650ஈஆர் 7,500, அதுவும் மயிரிழையில தவறும்.

ஆனா அந்த 7,700 எண்ட எண் என்ன நிபந்தனையில சொன்னது எண்டதைத்தான் சனம் பாக்கிறேல்ல. காத்து ஒண்டும் இல்லை எண்டு வச்சு, வேகம் மாக் 0.85, அதாவது ஒலியின்ர வேகத்தில நூத்துக்கு எண்பத்தஞ்சு, ஆக்கள் கொஞ்சப்பேர், இறங்க வேண்டிய இடத்தில இறங்க முடியாட்டி இன்னும் 200 கடல் மைல் தள்ளி வேறொரு விமான நிலையத்துக்குப் போற அளவுக்கு எண்ணெய் மிச்சம் வச்சு, இவ்வளவும் சேர்த்துச் சொல்லுற எண் அது. கொழும்பு ரொறொன்ரோ நேர கோடு இந்தியாவுக்கு மேலால ஏறி மத்திய ஆசியா, ரஷ்யா, பிறகு வடதுருவப் பக்கம் 72 பாகை மட்டும் போய்த்தான் கனடாவுக்க இறங்கும். 2022 பெப்ரவரிக்குப் பிறகு ரஷ்யா கனடாப் பிளேனுகளுக்கு வானத்தைப் பூட்டிட்டுது. அப்ப ஈரான், கருங்கடல், ஐரோப்பா எண்டு சுத்திப் போக வேணும், நான் கணக்குப் போட்டுப் பார்த்தன், 7,800க்கு மேல போயிடும், அதோட அத்திலாந்திக்குக்கு மேலால மேற்க போகேக்க எதிர்க்காத்து வேற. பைலட்மார் எண்ணெய் கணக்குப் பார்த்திட்டு இடையில ஒரு இடத்தில இறக்கித்தான் கொண்டுபோவினம். மாமாவிட்ட சொல்லுங்கோ, திரும்பி வரேக்க காத்து பின்னால தள்ளும், அந்தப் பக்கம் கதை கொஞ்சம் மாறும் எண்டு. 2019 மார்ச்சில இதே பிளேன் சிங்கப்பூரில எழும்பி அமெரிக்காவின்ர டூசானில போய் இறங்கினது, 8,152 கடல் மைல், பதினாறு மணித்தியாலத்துக்கு மேல வானத்தில. புத்தகத்தில உள்ள 7,700ஐத் தாண்டி எப்பிடிப் போச்சுது எண்டு கேப்பீங்கள், பசிபிக்கைக் கிழக்க தாண்டேக்க காத்து பிளேனோட சேந்து ஓடுற பக்கம் அது.

இனி அண்ணன்ர தாங்கிக் கதை. உதைத்தான் கனபேர் நினைக்கிறவை, அதால இதில கொஞ்சம் நிண்டு சொல்லுறன். ஜி650ஈஆர் எழும்பேக்க ஆகக் கூடின நிறை 103,600 இறாத்தல், 47 தொன் அளவு. அதில எண்ணெய் மட்டும் 48,200 இறாத்தல். நூறு கிலோவில 46 கிலோவுக்கு மேல எண்ணெய், மிச்சத்துக்குள்ளதான் செட்டை, உடம்பு, எஞ்சின், சில்லு, கதிரை, குசினி, ஆக்கள் எல்லாம். இதில கூட எண்ணெய் ஊத்திறது எண்டா என்ன நடக்கும் எண்டு பாருங்கோ. முந்தி எங்கட ஆக்கள் மாட்டு வண்டில் கட்டி கன தூரம் போகேக்க மாட்டுக்கு வைக்கோலையும் அதே வண்டிலிலதான் ஏத்துறவை, தூரம் கூடக் கூட வைக்கோல் கூட, வைக்கோல் கூடினா வண்டில் பாரம், பாரம் இழுக்கிற மாடு இன்னும் கூடத் தின்னும், கடைசியில வண்டில் நிறைய வைக்கோல்தான், நெல் மூட்டை வைக்க இடமில்லை. பிளேனிலயும் இதுதான். ஜி650க்கு எண்ணெய் 44,200 இறாத்தல், ஈஆருக்கு 4,000 கூட்டினவை, அது நூத்துக்கு ஒம்பது வீதம் கூட. ரேஞ்ச் 7,000இல இருந்து 7,500, நூத்துக்கு ஏழு வீதம்தான் கூடினது. ஒம்பதைக் குடுத்து ஏழை வாங்கியிருக்கினம், அடுத்த 4,000ஐ ஊத்தினா ஏழும் வராது. நீங்கள் மற்ஸ் எண்டபடியா சொல்லுறன், ரேஞ்ச் கணக்குக்கு ப்ரெகே சமன்பாடு எண்டு ஒண்டு இருக்கு, அதில எழும்பேக்க உள்ள நிறையை இறங்கேக்க உள்ள நிறையால பிரிச்சு மடக்கை எடுக்கிறது. மடக்கை வளைகோடு போகப் போகப் படுக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே, எண்ணெயைக் கூட்டிக் கூட்டி ஒரு அளவுக்கு மேல போகேலாது எண்டதுக்குக் காரணம் அந்தப் படுக்கைதான். அதே சமன்பாட்டில மடக்கைக்கு வெளியால நிக்கிறது ரெண்டு சாமான், செட்டை எவ்வளவு குறைஞ்ச இழுவையில எவ்வளவு தூக்குது எண்டதும், எஞ்சின் ஒரு கிலோ எண்ணெயில எவ்வளவு தள்ளுது எண்டதும். அதில கூட்டினது அப்பிடியே ரேஞ்சில நேரா வந்து சேரும். உந்தக் கொம்பனியள் வருசக்கணக்கா அடிபடுறது அதிலதான்.

இதுதான் உங்கட ரெண்டாவது கேள்விக்கும் பதில். குளோபல் 7500க்கு 2010 ஒக்ரோபரில அறிவிக்கேக்க பேர் குளோபல் 7000, 2018 மேயில ரேஞ்ச் 7,400 இல்லை 7,700 எண்டு தெரிஞ்ச பிறகுதான் பேரையும் மாத்தினவை. இடையில செட்டையைத் திரும்ப வடிவமைச்சவை, பாரம் கூடிப்போச்சுது எண்டு, அதாலயே ரெண்டு வருசம் பிந்தினது. முதல் பறப்பு 2016 நவம்பர் 4. ஒரு செட்டையில சில நூறு கிலோ கூடினா என்ன எண்டு வெளியில இருந்து பாக்கிற ஆளுக்குத் தோணும், ஆனா பதினைஞ்சு மணித்தியாலம் அந்தச் சில நூறு கிலோவைத் தூக்கிக்கொண்டு போறதுக்கும் எண்ணெய் வேணும், அந்த எண்ணெயைத் தூக்கிறதுக்கும் எண்ணெய் வேணும். மாமா பொருத்திற ஒவ்வொரு பிறக்கற்றுக்கும் ஆரோ ஒராள் கிராம் கணக்குப் பார்த்திருக்கும்.

எஞ்சின் ஜீஈ கொம்பனியின்ர பாஸ்போர்ட் எண்ட வகை. அதின்ர முன்பக்க விசிறி 52 அங்குலம், இலையளும் நடுத்தட்டும் தனித்தனியாப் பூட்டாம ஒரே துண்டா இருக்கிறது. பூட்டுற இடம் இல்லாதபடியா பாரம் குறைவு, இலைக்கு அடியில காத்துக் கசியிற இடைவெளியும் இல்லை. இதால எங்களைப் போல ஆக்களுக்கு வேலை மாறுது. ஓடுபாதையில ஒரு சின்னக் கல்லு இழுபட்டு இலையின்ர விளிம்பில நகக்கண் அளவு பள்ளம் விழுந்திட்டுது எண்டு வைப்பம். பழைய எஞ்சின் எண்டா அந்த இலையைக் கழட்டிப் புதுசு போடலாம். இதில கழட்ட ஏலாது, டோர்ச் அடிச்சு, ஆழத்தை அளந்து, மனுவலில விட்டிருக்கிற அளவுக்குள்ள எண்டா அரத்தால மெல்ல மெல்ல இழைச்சு அந்தப் பள்ளத்தின்ர கூரைக் கரைச்சு, சுத்தி வட்டமா வழவழப்பாக்கி விடவேணும், கூரா விட்டா அதில இருந்துதான் வெடிப்புத் தொடங்கும். பிறகு அந்த இடத்தைத் திரும்பச் சோதிச்சு, எவ்வளவு எடுத்தனீங்கள் எண்டு எழுதிக் கையெழுத்து வைக்க வேணும். மில்லிமீற்றரில பங்கு பங்கா அளக்கிற வேலை, அவசரப்படுற ஆள் உதில கை வைக்கக்கூடாது.

உயரம், வேகம் பற்றியும் ஒரு சொட்டு. உந்தப் பிளேனுகள் 51,000 அடி மட்டும் ஏற ஏலும், சாதாரண பயணியள் பிளேன் பெரும்பாலும் 30,000க்கும் 40,000க்கும் இடையிலதான் ஓடும். மேல காத்து மெல்லிசு, இழுவை குறைவு. ஆனா எண்ணெய் நிரப்பி பாரமா எழும்பேக்க ஒரேயடியா உச்சிக்குப் போகேலாது, 41,000 அடி மாதிரி ஒரு உயரத்தில தொடங்கி, எண்ணெய் எரிஞ்சு பாரம் குறையக் குறையப் படி படியா ஏறும். வேகத்தைக் கூட்டினா என்ன விலை எண்டதும் பாருங்கோ, ஜி650ஈஆர் மாக் 0.85இல 7,500 கடல் மைல் போகும், 0.90இல போனா 6,400தான். 6,000 கடல் மைல் பயணத்தில அந்தக் கூடின வேகத்தால நாப்பது நிமிசம் மாதிரித்தான் மிச்சம். செட்டைக்கு மேல ஓடுற காத்து சில இடத்தில ஒலியின்ர வேகத்தைத் தாண்டி அதிர்ச்சி அலை உண்டாகிறது, அதுதான் எண்ணெயைக் குடிக்கிறது. பொம்பார்டியர் 2022இல குளோபல் 8000ஐ அறிவிக்கேக்க ரேஞ்ச் 8,000, உச்ச வேகம் மாக் 0.94 எண்டு சொன்னவை, அதுக்காக 2021இல செய்த ஒரு சோதனையில பிளேன் ஒலியின்ர வேகத்தையே தாண்டினது, நாசாவின்ர எஃப்-18 ஒண்டு பக்கத்தில காவலாப் பறந்தது.

ஒண்டு கட்டாயம் சொல்ல வேணும், உங்களைப் போலப் படிக்கப் போற பிள்ளையளுக்கு இதை ஒருத்தரும் சொல்லித் தாறேல்ல. எண்கள் எல்லாம் சும்மா வாறேல்ல. 2011 ஏப்ரல் 2, அமெரிக்காவில நியூ மெக்சிக்கோ மாநிலத்தில றொஸ்வெல் எண்ட இடம். ஜி650இன்ர சோதனைப் பிளேன் ஒண்டு, ஒரு எஞ்சின் போன மாதிரி வச்சு எழும்பிப் பாக்கிற சோதனை. கொம்பனி 6,000 அடி ஓடுபாதைக்குள்ள எழும்பும் எண்டு வாக்குக் குடுத்திருந்தது, அதைக் காட்ட வேணும். பிளேன் நிலத்தை விட்டு எழும்பின உடன வலப்பக்கச் செட்டை ஸ்டோல் ஆகிட்டுது, அதாவது காத்து செட்டையை ஒட்டி ஓடாமக் கழண்டு போய் தூக்கிற சக்தி விழுந்திட்டுது, செட்டை நுனி ஓடுபாதையில முட்டி, இழுபட்டுப் போய் நெருப்புப் பிடிச்சது. உள்ள இருந்த நாலு பேரும், ரெண்டு பைலட், ரெண்டு சோதனை எஞ்சினியர், செத்திட்டினம். நிலத்துக்குக் கிட்டவாப் பறக்கேக்க செட்டை உயரத்தில தாங்கிற கோணத்தைவிடக் குறைஞ்ச கோணத்திலயே ஸ்டோல் ஆகிடும், அந்தக் கோணத்தைக் கூடுதலா மதிப்பிட்டு வச்சிருந்தவை. என்னை உலுக்கினது அது இல்லை. அதுக்கு முதலும் ரெண்டு சோதனைப் பறப்பில இதே மாதிரிச் செட்டை சடாரெண்டு சரிஞ்சிருக்கு, பைலட் சமாளிச்சு நிமித்திட்டார், ஏன் சரிஞ்சது எண்டு அடி மட்டும் தோண்டிப் பாக்காம வேற விளக்கம் சொல்லிக் கடந்து போயிருக்கினம். விசாரணை செய்த அமெரிக்கச் சபையே இதைத் தெளிவா எழுதி வச்சிருக்கு. எழும்பேக்க இவ்வளவுதான் இருக்க வேணும் எண்டு குறிச்ச வேகம் கிடைக்கேல்ல எண்டா அந்த வேகம் சரியோ எண்டு கேக்கிறதை விட்டிட்டு, பைலட் தூக்கிற விதத்தை மாத்தி மாத்திப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கினம். இண்டைக்கு ஜி650 புத்தகத்தைத் திறந்தா எழும்பிறதுக்கு 5,858 அடி எண்டு ஒரு வரி இருக்கும். நான் அந்த வரியைக் காணுற நேரம் எல்லாம் அந்த நாலு பேர் நினைவுக்கு வருவினம். உங்கட வேலையில பிறகொரு நாள் ஒரு சாமான் வழமைக்கு மாறா ஒருக்கா நடந்து பேந்து தானாச் சரியாப் போனா, அதை எழுதாம விடாதேங்கோ தங்கச்சி, ஆர் அவசரப்படுத்தினாலும்.

அந்த 5,858 அடியும் கடல் மட்டத்தில 15 பாகை வெப்பநிலைக்குச் சொன்னது. எங்கட பக்கம் மார்கழி விடியப்புறத்திலயே 15 வராது, ஆடி ஆவணியில கச்சான் காத்தடிக்கிற மத்தியானம் 34, 35 நிக்கும், அந்தச் சூட்டுக் காத்து மெல்லிசு, எஞ்சினும் குறையத் தள்ளும் செட்டையும் குறையத் தூக்கும், ஓடுபாதை இன்னும் நீளமா வேணும். ஓடுபாதை நீளத்தை மாத்தேலாது எண்டா எண்ணெயைக் குறைக்க வேணும், குறைச்சா ரேஞ்ச் போச்சு.

எல்லாரும் வெற்றியடைஞ்சவை எண்டும் நினைக்காதேங்கோ. பிரான்சில டசோ கொம்பனி பால்கன் 5எக்ஸ் எண்டு ஒரு பிளேனைக் கட்டிப் பறக்கவும் விட்டிட்டு, எஞ்சின் சரிவரேல்ல எண்டு 2017 டிசம்பரில முழுசாக் கைவிட்டவை, பிறகு வேற எஞ்சின் போட்டு 6எக்ஸ் எண்டு திரும்பத் தொடங்கி 2023இலதான் சான்றிதழ் எடுத்தவை.

அம்மாட்ட வாறன். அம்மா சொல்லுறதில ரெண்டு விசயம் இருக்கு, ரெண்டும் நியாயம். இருபது தொன் எண்ணெயை எரிச்சு எட்டுப் பத்துப் பேர் போறது பெரிய ஊதாரித்தனம்தான், அதை நான் மறைக்க மாட்டன், உந்தத் துறையில வேலை செய்துகொண்டும் அப்பிடித்தான் சொல்லுவன். ஆனா அதே வகைப் பிளேனுகளை வேற வேலைக்கும் பாவிக்கினம். அமெரிக்காவின்ர கடல், வளிமண்டல நிறுவனம் கல்ஃப்ஸ்ட்ரீம் 4 ஒண்டை வச்சு 1990கள் தொட்டு சூறாவளியைச் சுத்தி மேலால பறந்து கருவியளைக் கீழ போட்டு காத்து, ஈரம், அமுக்கம் அளக்குது, புயல் எங்க போகும் எண்டு சொல்லுறதுக்கு அந்த அளவையள் உதவுது. ஜேர்மன்காரர் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550 ஒண்டை ஹாலோ எண்டு பேர் வச்சு வளிமண்டல ஆராய்ச்சிக்கு ஓட்டினம். கன தூரம், கன உயரம், கன நேரம் நிக்கக்கூடிய சின்னப் பிளேன் வேணும் எண்டா உதுதான். முல்லைத்தீவுக் கரையில கார்த்திகை மார்கழிக்கு வானொலியைக் கேட்டுக்கொண்டு இருக்கிற சனத்துக்கு அதின்ர அருமை விளங்கும். நோயாளியைத் தூர நாட்டில இருந்து கொண்டு வாறதுக்கும் இப்பிடிப் பிளேனுகள்தான் ஓடுது.

மற்றது அந்தச் சத்தம். கிபிர் எண்ட குண்டு போடுற பிளேனின்ர சத்தம் கேட்டுப் பங்கருக்க ஓடின சனம் நாங்கள், அந்தச் சத்தத்துக்குப் பிறகு திரும்பி வந்து ஆர் ஆர் இருக்கினம் எண்டு எண்ணின சனம். என்ர அம்மாவும் நான் உந்தப் படிப்புக்குப் போறன் எண்ட நேரம் ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்ல. அவவோட வாதாடாதேங்கோ தங்கச்சி, அது வாதாடி வெல்லுற விசயம் இல்லை. என்ன படிக்கிறீங்கள், ஒரு பிளேனைப் பத்திரமா இறக்கிறதுக்கு என்னென்ன பாக்கிறவை எண்டு வீட்டில சாப்பிடேக்க அப்பப்ப சொல்லுங்கோ. எங்கட அம்மாவுக்கு நான் சொன்ன ஒரு விசயம்தான் மனசில நிண்டது. பறப்புக்கு முதல் செட்டைக்குக் கீழ இருக்கிற வால்வை அமத்திக் கொஞ்ச எண்ணெயைக் கண்ணாடிப் போத்திலில எடுத்து, சுழட்டி, வெளிச்சத்தில பிடிச்சுப் பாக்கிறது. தண்ணி இருந்தா அடியில குமிழ் குமிழா உருண்டு நிக்கும், எண்ணெயோட கலக்காது. மேல வெளியில மைனஸ் 56 பாகைக் குளிர், அந்தத் தண்ணி உறைஞ்சு வடிகட்டியை அடைச்சா எஞ்சின் நிண்டிடும், எண்ணெயே மைனஸ் 47இல உறையத் தொடங்கும் எண்டபடியா நெடுந்தூரப் பறப்பில தாங்கியின்ர வெப்பநிலையையும் பார்த்துக்கொண்டே இருக்க வேணும். கேட்டிட்டு அம்மா, "அப்ப நீ பாக்கிறது ஆக்கள் சாகாம இருக்கிறதுக்கோ" எண்டு கேட்டவ. ஓம் எண்டன்.

படிப்பு விசயம். பிளேனை வடிவமைக்கிற பக்கம் போக விருப்பம் எண்டா எஞ்சினியரிங் பட்டம் வேணும், யாழ் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடமே கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கு, மொறட்டுவ இருக்கு, அதை முடிச்சிட்டு வெளிநாட்டில வான்வெளிப் பொறியியலில முதுமாணி செய்யலாம். என்னைப் போலப் பிளேனில கை வைக்கிற பக்கம் எண்டா லைசென்ஸ் வழி, ஐரோப்பிய முறையில பார்ட்-66 எண்டு சொல்லுறது, பி1 எண்டா எஞ்சினும் உடம்பும், பி2 எண்டா மின்னும் இலத்திரனும். மற்ஸ், பிசிக்ஸ், மின், உலோகம், காத்தியக்கம், மனிசர் ஏன் பிழை விடுறவை எண்டது, சட்டம் எண்டு பாடம் பாடமா சோதினை, ஒவ்வொண்டிலயும் 75 புள்ளி எடுத்தாத்தான் பாஸ், எல்லாம் ஆங்கிலத்தில. அங்கீகாரம் உள்ள இடத்தில முழுப் பாடநெறியையும் படிச்சா ஜெட் எஞ்சின் பி1க்கு ரெண்டு வருச வேலை அனுபவம் காட்டினாக் காணும், அப்பிடிப் படிக்காம சோதினையை மட்டும் எழுதி வாற ஆளுக்கு அஞ்சு வருசம் மட்டும் கேப்பினம். அதுக்குப் பிறகும் ஒவ்வொரு பிளேன் வகைக்கும் தனியாப் படிச்சாத்தான் கையெழுத்து வைக்கலாம். பொம்பிளைப் பிள்ளை உதைச் செய்யலாமோ எண்டு ஊரில ஆரும் கேட்டா, எங்கட ஹாங்கரில நிக்கிற பிள்ளையளின்ர கையெழுத்தில தினமும் பிளேன் பறக்குது எண்டு சொல்லுங்கோ.

இப்ப ஏ.எல்லை ஒழுங்கா முடியுங்கோ, பிசிக்ஸில பாய்பொருளும் வெப்பமும் நல்லாச் செய்யுங்கோ, ஆங்கிலத்தில தினம் ஒரு பக்கம் வாசியுங்கோ. மாமாவிட்ட உதவி கேக்கிறதெண்டா காசு கேக்க முதல், வேலையில பிழை ஒண்டு கண்டா அதை எப்பிடி எழுதி மேல குடுக்கிறவை எண்டு விளக்கமாச் சொல்லச் சொல்லுங்கோ, உந்த மனிசர் பிழை விடுற பாடத்துக்கு அது நல்லா உதவும். கொழும்பில விமானத்துறை எண்டு போர்ட் போட்டுக்கொண்டு கன இடம் இருக்கு, எங்கட பக்கத்துப் பிள்ளையள் காணி அடகு வச்சுக் காசைக் கட்டிட்டு வெறும் டிப்ளோமாப் பேப்பரோட நிண்டதை நான் நேர பார்த்திருக்கிறன். அதால ஒரு சதம் கட்ட முதல் ரெண்டு கேள்வி கேளுங்கோ. உங்களுக்கு பார்ட்-147, அதாவது லைசென்ஸ் பாடநெறியைப் படிப்பிக்கிறதுக்கான அங்கீகாரம் இருக்கோ, இருந்தா ஆர் தந்தது, எந்த லைசென்ஸ் வகைக்குத் தந்தது. செய்முறைப் பயிற்சி எந்த ஹாங்கரில, உண்மையாப் பறக்கிற பிளேனில எத்தினை மாசம். ரெண்டுக்கும் பதிலை எழுத்தில வாங்கி, அங்கீகாரக் கதை மெய்யோ எண்டு சிவில் விமான அதிகாரசபையிட்டயும் கேட்டுப் பார்த்திட்டுத்தான் காசைக் கட்டுங்கோ.